தலைத்துண்டு

தவசிங் செத்து ஆறு மழைக்காலம் கழிந்தபிறகு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தேயிலை பேக்டரி லாரியோடு பள்ளத்தில் விழுந்த அன்று போட்டிருந்த அதே காக்கிச் சட்டையோடு வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் தட்டில் இருந்த சோடா ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு மென்றுவிட்டு, "உப்பு இல்ல" என்றான். அவன் பெண்சாதி எப்சிபா உப்பு டப்பாவை எடுத்து அவன் பக்கம் தள்ளிவைத்தாள். வைத்த பிறகுதான் அவன் செத்தவன் என்று அவளுக்கு நினைவு வந்தது.

ஓடைமட்டம் என்கிற அந்த மலையூருக்கு அந்த ரொட்டி வந்தது அயர்லாந்து தேசத்திலிருந்து. தேயிலை போட வந்த கானலி துரையின் துரைசானி ஊர் ஏக்கம் தாங்காமல் பங்களா சமையல்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது: கோதுமை மாவு, உப்பு, ஆப்பசோடா, நன்றாகப் புளித்த மோர், அவ்வளவுதான், ஈஸ்ட் கிடையாது, ஊறவைப்பது கிடையாது, போட்டுப் பிசைந்தால் கல்லாகிவிடும் என்பதால் விரல் நுனியால் அள்ளிக் கூட்டி, உருட்டி, தலையில் கத்தியால் சிலுவையாகக் கீறி, கனத்த இரும்புச் சட்டிக்குள் வைத்து மூடி, மூடிமேலும் தணலை வாரிப்போட்டால் முக்கால் மணி நேரத்தில் வீடெல்லாம் மணக்கும். சிலுவை எதற்கு என்று கேட்டவர்களிடம், மாவுக்குள் ஒளிந்திருக்கிற குட்டிப் பிசாசுகள் வெளியேற வழி வேண்டாமா என்றாளாம் துரைசானி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்து, மலைக்குளிருக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு, பேச்சையும் வேதக்கோயிலையும் மட்டும் மாற்றாமல் வைத்திருந்த அந்த ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. துரையும் துரைசானியும் கப்பலேறிப் போனார்கள், பங்களா லாட்ஜ் ஆயிற்று, ரொட்டி மட்டும் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தங்கிவிட்டது.

துரைசானி சொல்லாத ஒன்றை ஊரே சேர்த்துக்கொண்டது. சிலுவைக் கோட்டில் கையால் பிட்டால் ரொட்டி நான்காகும். முதலில் பிடுகிற துண்டுக்குத் தலைத்துண்டு என்று பெயர். அது வீட்டு ஆம்பிளையின் தட்டுக்குப் போகவேண்டும், அவன் ஒரு வாய் கடிக்கும்வரை மற்றவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கவேண்டும். ஆம்பிளை இல்லாத வீட்டில் சோடா ரொட்டி சுடுவதில்லை. யார் வைத்த சட்டம் என்று யாருக்கும் தெரியாது, அதனாலேயே யாராலும் அதை எடுக்கவும் முடியவில்லை.

எப்சிபாவும் ஆறு வருஷமாகச் சுடவில்லை. இரும்புச் சட்டியைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் விறகு அடுக்கியிருந்தாள். சுடாத அந்த ஆறு வருஷம்தான் அவள் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் தேயிலை பறிக்கும்போது தனக்குத்தானே பாடிக்கொள்கிற பழக்கம் அவளுக்கு அந்த வருஷங்களில்தான் வந்தது. மகள் கெசியாவுக்கு ஒன்பது வயசு நிறைந்த அன்று, பக்கத்து வீட்டில் விளையாடிவிட்டு வந்த பிள்ளை, "நம்ம வீட்டுல ஆம்பிள இல்லல்லா, அதான் நமக்கு ரொட்டி கெடையாதாம்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னபோது எப்சிபாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் சட்டியை எடுத்துக் கழுவினாள், மோரை ஊற்றினாள், சிலுவை கீறினாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். பிட்டு வைக்கும்போதுதான் பழகின கை தன் போக்கில் அலமாரிக்குப் போய், நீல விளிம்பு போட்ட தவசிங்கின் எனாமல் தட்டை எடுத்து, தலைத்துண்டை அதில் வைத்துவிட்டது. அந்தத் தட்டை அவள் என்றைக்கோ ஓடையில் எறிந்திருக்கவேண்டும்.

பக்கத்து வீட்டு ஜெபக்கனி மைனிதான் முதலில் வந்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ரொட்டி வெந்ததா என்று பார்க்க அதைக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டவேண்டும், உள்ளே காலியாக டொக் டொக்கென்று கேட்டால் வெந்தாயிற்று, அந்த டொக் டொக் கேட்டதும் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ஜெபக்கனி, "வெந்துட்டு போலுக்கே எப்சிபா, எனக்கு ஒரு துண்டு எடுத்து வையி!" என்று குரல் கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். ஆறு வருஷம் கழித்துக் கேட்ட சத்தத்துக்குக் குரல் கொடுத்தால் போதாதென்று நேரிலேயே வந்தவள், நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தாள், சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"என்ன தம்பி, இப்படி மெலிஞ்சு போயிட்டீய?"

"மழைல்லா பேயுது மைனி" என்றான் தவசிங்.

அவ்வளவுதான். அவன் தட்டைத் துடைத்துத் தின்றுவிட்டு எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, கல்லறைத் தோட்டத்துப் பாதையில் பனிமூட்டத்துக்குள் நடந்து போனான். கெசியா வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"இதுதான் அப்பாவா? நல்லாத்தான் இருக்காவ."

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஊர் இதை மழையை எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்துக்கொண்டது, அதாவது யாருக்கு எவ்வளவு உபயோகம் என்று பார்த்தது. செத்தவன் திரும்பிவந்தான் என்பதைவிட, தவசிங் திரும்பிவந்தான் என்பதுதான் அவர்களுக்குச் சேதி. கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடினவன் அவன். அவன் போனபிறகு கிறிஸ்துமஸ் பாட்டெல்லாம் அடியில்லாத குடம் போலத்தான் இருந்தது. கல்யாணவீட்டுப் பந்தலா, சாவுவீட்டுப் பெட்டியா, முதலில் தோள் கொடுக்கிறவன் அவன். குழந்தைகளுக்கு மிட்டாய் இல்லாமல் அவன் பாக்கெட் இருந்ததில்லை. ஊருக்கெல்லாம் தங்கமான மனுஷன். அந்தத் தங்கம் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினபிறகு என்னவாயிற்று என்பது எப்சிபாவின் இடது காதுக்குத் தெரியும், அது இப்போதும் பாதிதான் கேட்கும்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் ஆள் நின்றது, ரொட்டி சுடாமல் அவளை விடவில்லை. அவள் சுட்ட ரொட்டியை வேறு தட்டில் வைத்துப் பார்த்தார்கள், அவன் வரவில்லை. ஜெபக்கனி சுட்ட ரொட்டியை அந்த நீல விளிம்புத் தட்டில் வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் வரவில்லை. எப்சிபாவின் ரொட்டி, தவசிங்கின் தட்டு, இரண்டும் சேர்ந்தால்தான் பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. தட்டு எந்த வீட்டில் இருந்தாலும் சரி, அங்கே வந்தான். ஆனால் ஊர் அவனை அவன் வீட்டிலேயே பார்க்க விரும்பியது, அதுதானே முறை. பாடகர் குழு சனிக்கிழமை ஒத்திகையை எப்சிபாவின் வீட்டுக்கு மாற்றிக்கொண்டது. பேக்டரி டிரைவர் புது லாரியின் கியர் ஏன் சிக்குகிறது என்று கேட்டுப்போனார். யாரிடமோ இரவல் கொடுத்த குடை யாரிடம் இருக்கிறது என்று அவன் சொல்லித் தெரிந்தது, அதனால் இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்தியது. ஹார்மோனியத்தில் ஊதாத கட்டையை அவன் கழற்றி ஊதவைத்தான். எல்லோரும் போகும்போது எப்சிபாவின் தோளில் தட்டி, "உனக்குக் கிடைச்ச பாக்கியம் எந்த விதவைக்குக் கிடைச்சிருக்கு" என்று சொல்லிப்போனார்கள். இதைச் சொன்னவர்களில் புருஷனை மண்சரிவில் பறிகொடுத்த ஒரு பெண்ணும் இருந்தாள், நல்ல புருஷன், அவள் எத்தனை ரொட்டி சுட்டும் அவன் வரவேயில்லை. எப்சிபா அவளை நிமிர்ந்து பார்க்கமுடியாமல் அடுப்பைக் கிண்டினாள்.

ஆட்கள் இருக்கும்போது அவன் உப்பைப்பற்றிப் பேசுவதில்லை. சிரித்துக்கொண்டே தின்பான், கெசியாவை மடியில் வைத்துக்கொண்டு பாடுவான், பிள்ளை அவன் நெஞ்சில் காதை வைத்து அந்தக் குரல் உள்ளே உறுமுவதைக் கேட்கும். ஆனால் வாரத்துக்கு வாரம் அவன் தங்கும் நேரம் நீண்டது. ஒருநாள் குழு போனபிறகும் அவன் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, கடைசித் துணுக்கை வாயில் போட்டு, "உப்பு இல்லன்னு எத்தன தடவ சொல்லுதது" என்றான். அடி விழுந்தது. செத்தவன் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. வலி மட்டும் பழைய சூடு ஆறாமலே இருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் ஜெபக்கனி வீட்டு ரேடியோ சத்தம் கூடியது, முன்பெல்லாம் கூடுகிற மாதிரியே. எப்சிபாவுக்கு ஆறு வருஷமும் ஒரு கனவோ என்று தோன்றியது.

அதற்கடுத்த சனிக்கிழமை குழு போனபிறகு கெசியா பக்கத்திலேயே இருந்தாள். "உப்பு இல்ல" என்றான் அவன். "இருக்குப்பா, நான் ருசி பாத்தேன்" என்றது பிள்ளை, உதவி செய்கிற சந்தோஷத்தில். அவன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். அந்தத் திரும்பலை எப்சிபாவுக்குத் தெரியும்; பாய்ந்து நடுவில் வந்து பிள்ளைக்கு விழவேண்டியதைத் தான் வாங்கிக்கொண்டாள். அவன் போனபிறகு கெசியா உப்பு டப்பாவைத் திறந்து பார்த்து, மூடி, கேட்டாள்.

"நாம இன்னும் கொஞ்சம் உப்பு போட்டிருந்தா அப்பா அடிச்சிருக்க மாட்டாவல்லாம்மா?"

அடியெல்லாம் எப்சிபா தாங்கிக்கொண்டாள். இந்தக் கேள்வியைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. இதே கேள்வியைத் தனக்குள் கேட்டுக் கேட்டே அவள் ஏழு வருஷம் ஒரு வீட்டில் குடும்பம் நடத்தியிருந்தாள், அது இப்போது ஒன்பது வயசுப் பிள்ளையின் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கே சட்டியைக் கவிழ்த்துவைத்து விறகை அடுக்கினாள்.

ஊர் விடுமா? சனிக்கிழமை காலையில் வாசலில் கோதுமை மாவு இருந்தது, தூக்குவாளியில் மோர் இருந்தது, ஒருவர் ஆப்பசோடாவைப் பொட்டலமாகக் கட்டி ஜன்னல் கம்பியில் சொருகியிருந்தார். அவள் தொடவில்லை. அடுத்த வாரம் மாவோடு ஏச்சும் வந்தது: கல் நெஞ்சுக்காரி, வந்த புருஷனுக்கு ஒரு வாய் ரொட்டி போட மனசில்லாதவள், பிள்ளைக்குத் தகப்பனை இல்லாமல் ஆக்குகிறவள், ஆறு வருஷம் ஊர்மேய்ந்தவளுக்குப் புருஷன் வந்தால் இடைஞ்சலாகத்தானே இருக்கும். கடைசியில் பாஸ்டரே கோயில் மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாற்றலாகி வந்து மூன்று வருஷமாகியிருந்த மனுஷன், தவசிங்கை உயிரோடு பார்த்ததில்லை. ஆனால் அவன் வரத் தொடங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை, அது அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"என்னம்மா இது, ஊரே எதிர்பார்த்து நிக்குது."

"அவிய அடிக்காவ ஐயா" என்றாள் எப்சிபா. கன்னத்து வீக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள்.

பாஸ்டர் மூப்பர்களைப் பார்த்தார். மூப்பர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"செத்தவர் எப்படிம்மா அடிப்பார்?"

"செத்தவிய திங்கலாம், பாடலாம், லாரிக்கு ரிப்பேர் சொல்லலாம். அடிக்க மட்டும் முடியாதா ஐயா?"

கதவோரம் நின்ற ஜெபக்கனி, "உயிரோட இருந்தப்பவே தம்பி கைநீட்டி நாங்க ஒருத்தரும் பாத்ததில்லையே" என்றாள். பார்த்ததில்லை என்பது உண்மைதான், சுவர் இருந்ததே.

பாஸ்டர் நல்லவர். யோசித்து ஒரு வழி சொன்னார்: எப்சிபாவுக்கு அலுப்பு, பாவம், தனியாக எவ்வளவு செய்வாள், வருகிற அறுப்பின் பண்டிகை விருந்தை பாஸ்டர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அவள் ரொட்டியை மட்டும் சுட்டுத் தட்டோடு கொடுத்துவிட்டால் போதும், பரிமாறுவதை அவர் மனைவி ஹெலன் பார்த்துக்கொள்வாள். எப்சிபா கவிழ்த்திருந்த சட்டிமேலிருந்து விறகை எடுத்துக்கொண்டே, சரி என்றாள்.

அன்று அவள் உப்பை அளந்து போட்டாள், ருசி பார்த்தாள், சரியாக இருந்தது. பாஸ்டர் வீட்டு வாசலில் ஹெலன் புதுச்சேலை சரசரக்க ஓடிவந்து ரொட்டியை வாங்கினாள். கலகலவென்று பேசுகிற பெண், போன மாதம்தான் கல்யாணமாகி ஊருக்கு வந்தவள், எந்தச் சுவர் வழியாகவும் எதையும் கேட்காதவள். ஊரில் ஒரு பாவமும் அறியாதவள் அவள் ஒருத்திதான். எதிர்த்துப் பேசாதீங்கம்மா, அவர் உப்பு இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று எப்சிபாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. "அண்ணன் ரொம்பத் தங்கமானவராமே!" என்றாள் ஹெலன். எப்சிபா வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டது தப்புதான், அது அவளுக்கு அப்போதே தெரியும்.

தவசிங் வந்தான். மூப்பர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். நீளமேசையின் தலைமாட்டில் உட்கார்ந்தான், குழு அறுப்பின் பாட்டைப் பாடியது, அவன் அடிக்குரல் சேர்ந்ததும் ஜன்னல் கண்ணாடியெல்லாம் லேசாக அதிர்ந்தது, பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஹெலன் தலைத்துண்டைப் பிட்டு வைத்தாள். அவன் ஒரு வாய் மென்றான். பழகிய வீடு மாதிரி ஆகிவிட்டதோ, சபை கூடியிருப்பது மறந்துபோயிற்றோ, தெரியவில்லை.

"உப்பு இல்ல."

"இருக்கே அண்ணா!" என்று சிரித்தாள் ஹெலன். "நான் ருசி பாத்தேனே!"

அறை விழுந்த சத்தத்தில் கடைசி வரிசையில் குழந்தை ஒன்று வீறிட்டது. ஹெலன் விழவில்லை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள், அவள் கண்ணாடி வளையல் உடைந்து ரொட்டிமேல் கிடந்தது. அந்த நொடியில் எப்சிபாவின் நெஞ்சுக்குள் குபுக்கென்று ஒரு சந்தோஷம் பொங்கியது, இப்போது பார், எல்லோரும் பார் என்று. பொங்கின வேகத்திலேயே அது கசந்துபோயிற்று.

பாஸ்டர் எழுந்தார். பெரிய ஜெபமில்லை, எண்ணெயில்லை, வசனமில்லை. வாசலைக் காட்டினார்.

"வெளிய போங்க."

தவசிங் அவரைப் பார்த்தான். மூப்பர்களைப் பார்த்தான். இப்போது அவர்களும் எழுந்து நின்றார்கள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வாசலுக்குப் போய், செருப்பைப் போட்டுக்கொண்டு, போய்விட்டான். அவ்வளவுதான். பிறகு அவன் வரவேயில்லை. ஒரு ஆள், ஒரு தடவை, இரண்டு வார்த்தை சொன்னால் முடிகிற வேலையாகத்தான் அது இருந்தது, அத்தனை வருஷமும். எப்சிபா அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். புருஷன் போனதற்கு அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தேற்றினார்கள்.

ஊருக்கு அன்று சாயங்காலமே எல்லாம் விளங்கிவிட்டது. வந்தது தவசிங்கே இல்லை, பிசாசு. தவசிங் அப்படிப்பட்ட ஆளா? எப்சிபா சிலுவையை ஆழமாகக் கீறவில்லை, அதனால்தான் மாவுக்குள் இருந்தது வெளியேறாமல் தங்கிவிட்டது, துரைசானி அன்றைக்கே சொன்னாளே. கியர் சரியாகிவிட்ட லாரியும் ஊதுகிற ஹார்மோனியமும் அப்படியே இருந்தன, அவற்றை யாரும் பிசாசு என்று சொல்லவில்லை. பாஸ்டர் நீல விளிம்புத் தட்டைக் கல்லில் வைத்து நசுக்கினார். அடுத்த மாதமே மாற்றல் கேட்டு எழுதிவிட்டார். ஹெலன் மட்டும் போவதற்கு முன் ஒருநாள் எப்சிபாவின் வீட்டுக்கு வந்தாள், உள்ளே வரவில்லை.

"உங்களுக்குத் தெரியும்லா" என்றாள்.

"தெரியும்."

எப்சிபா வலது காதைத் திருப்பிக் கேட்பதைக் கண்டு, ஹெலன் அவள் இடது காதைப் பார்த்தாள், பிறகு திரும்பி நடந்தாள்.

ஜெபக்கனி மைனியும் வந்தாள், கையில் சூடாகச் சுக்குக்காப்பியோடு. உரிமையோடு கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இம்புட்டு நடந்திருக்கு, எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னியாட்டி? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டோமா? எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்சிபா எழுந்துபோய் நடுச்சுவரில் கையை வைத்தாள்.

"ரொட்டியத் தட்டுனா கேக்குற சுவரு மைனி இது."

ஜெபக்கனி காப்பியை வைத்துவிட்டுப் போனாள். டம்ளரைக் கேட்டுக்கூட வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை, ஆம்பிளை இல்லாத வீட்டில் எப்சிபா மறுபடியும் இரும்புச் சட்டியை எடுத்தாள். விரல் நுனியால் கூட்டினாள், கீறினாள், தணலை வாரிப்போட்டாள். வெந்ததைக் கவிழ்த்து அடியில் தட்டினாள். விரலால் இல்லை, முஷ்டியை மடக்கி, நன்றாகக் கேட்கும்படி. சுவருக்கு அந்தப்பக்கம் யாரும் குரல் கொடுக்கவில்லை. ரேடியோ சத்தம்தான் கொஞ்சம் கூடியது.

நான்காகப் பிட்டு, தலைத்துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். கெசியா கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவந்து, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

எப்சிபா ஒரு வாய் கடித்து மென்றாள். "உப்பு சரியா இருக்குட்டி" என்றாள்.

பிள்ளை நம்பவில்லை. அம்மா கடைசித் துணுக்கைத் தின்று முடிக்கும்வரை டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது.